க்ருப் குடும்ப வரலாற்றைப் பேசுவது எப்படி: சிங்கப்பூர் வாசிப்புக் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

நூலக வாசிப்புக் குழுவிலோ சமூக மன்றத்துக் கூட்டத்திலோ அரை மணி நேரம் பேசுவதற்கு எஃகும் பீரங்கியும் செய்த ஜெர்மனியின் க்ருப் குடும்பத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் பீரங்கியில் தொடங்கிப் பீரங்கியிலேயே முடித்துவிடுகிறார்கள். எத்தனை டன், எத்தனை கிலோமீட்டர், எந்தப் போர் என்று எண்களை அடுக்கிக்கொண்டே போனால், கேட்பவர் மனத்தில் எதுவும் தங்குவதில்லை. இந்த வழிகாட்டி வேறு பாதையைப் பரிந்துரைக்கிறது. எசன் நகரத்து ஆலை யார் பெயரில் இருந்தது, அது அடுத்தவர் பெயருக்கு எப்படி மாறியது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போங்கள். எஃகும் பீரங்கியும் தொழிலாளர் குடியிருப்பும் கட்டாய உழைப்பும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடந்த நியூரம்பர்க் போர்க்குற்ற வழக்கும் அந்தந்த இடத்தில் தாமாகவே வந்து அமரும். சொத்து யார் பெயரில் என்ற கேள்வியின் கனத்தை நம் கூட்டத்தாருக்கு விளக்க வேண்டிய தேவையும் இராது.

முதல் வேலை, பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்வது. ஆலையை நிறுவியவர் ஃபிரீட்ரிஷ் (1787–1826). அவர் மகன் ஆல்ஃபிரட் (1812–1887). அவர் மகன் ஃபிரீட்ரிஷ் ஆல்ஃபிரட் (1854–1902). அவருக்கு ஆண் வாரிசு இல்லாததால் மூத்த மகள் பெர்த்தா (1886–1957), அவருடைய கணவர் குஸ்தாவ் (1870–1950). அவர்களுடைய மூத்த மகன் ஆல்ஃப்ரீட் (1907–1967), கடைசியாக அவருடைய ஒரே மகன் ஆர்ன்ட் (1938–1986). ஆல்ஃபிரட்டும் ஆல்ஃப்ரீட்டும் காதில் ஒன்றுபோலவே விழும் என்பதால், முன்னவரை ‘பீரங்கி அரசர்’ என்றும், அவருடைய கொள்ளுப் பேரனான பின்னவரை ‘நியூரம்பர்க் ஆல்ஃப்ரீட்’ என்றும் தொடக்கத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது. 1587 முதல் எசனில் வணிகம் செய்து வந்த முன்னோர்களை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடலாம். ஹெலேனே அமாலியே என்ற விதவைப் பாட்டிக்கு மட்டும் கூடுதலாக ஒரு வாக்கியம் கொடுங்கள்; கடை நடத்தி, இரும்பாலை ஒன்றையும் வாங்கி, அவர் சேர்த்து வைத்த பணத்தில்தான் பேரன் ஃபிரீட்ரிஷ் 1811இல் வார்ப்பு எஃகு ஆலையைத் தொடங்கினார்.

இனி சொத்தின் பாதை. நெப்போலியன் காலத்து வணிகத் தடையால் இங்கிலாந்தின் வார்ப்பு எஃகு ஐரோப்பாவுக்கு வருவது நின்றிருந்தது. அந்த இடைவெளியில் பணம் பார்க்கலாம் என்பது ஃபிரீட்ரிஷின் கணக்கு. கணக்கு பலிக்கவில்லை. 1826இல் அவர் இறந்தபோது மிஞ்சியவை கடனும், ஒரு சில தொழிலாளர்களும், பதினான்கு வயது ஆல்ஃபிரட்டும்தான். ஆலை தாய் தெரேசேயின் கைக்கு வந்தது. மகன் பள்ளியை விட்டு உலைக்கு வந்தார். 1848இல்தான் ஆல்ஃபிரட் தனி உரிமையாளரானார். கூட்டாளி கூடாது, வங்கி கூடாது, ஆலையைப் பங்குபோடவே கூடாது என்பதில் அவர் வாழ்நாள் முழுதும் பிடிவாதமாக இருந்ததற்கு அந்த இருபத்திரண்டு ஆண்டு இழுபறியே காரணம் என்பது என் கருத்து. 1873இன் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு, அடுத்த ஆண்டு வங்கிக் கூட்டமைப்பு ஒன்றிடம் 3 கோடி மார்க் கடன் வாங்க நேர்ந்ததை அவர் பெரும் அவமானமாகக் கருதினார். அதே 1873இல்தான் 269 அறைகள் கொண்ட ஹூகல் மாளிகையும் குடிபுகத் தயாரானது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னாலே போதும், தனியாக விளக்கம் எதுவும் தர வேண்டாம்.

ஃபிரீட்ரிஷ் ஆல்ஃபிரட் தந்தையைப் போல ஆர்ப்பாட்டமானவர் அல்லர். ஆனால் தொழிலை அதிகமாகப் பெருக்கியவர் அவர்தான். மாக்டபர்க் நகரின் குரூசன் ஆலையை 1893இல் வாங்கினார். கீல் துறைமுகத்தின் கெர்மானியா கப்பல் தளத்தை 1896இல் தம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். காப்ரித் தீவில் அவர் வாழ்ந்த விதம் பற்றி ஒரு செய்தித்தாள் எழுதிய ஒரு வாரத்தில், 1902 நவம்பரில் அவர் இறந்தார். இந்த இடத்தில் பேச்சாளருக்கு வம்பு பேச ஆசை வரும். அடக்கிக்கொண்டு, அடுத்து ஆலைக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். அவருடைய விருப்பப்படி 1903இல் ஆலை கூட்டுப்பங்கு நிறுவனமானது. மொத்தம் 1,60,000 பங்குகள். அவற்றில் நான்கைத் தவிர மற்ற எல்லாம் பதினேழு வயது பெர்த்தாவின் பெயரில். அந்த நான்கும்கூட, நிறுவனத்துக்கு ஒரே ஆள் மட்டும் பங்குதாரராக இருக்கச் சட்டம் இடம் தராததால் பிறர் பெயரில் எழுதப்பட்டவை. பெயரளவில் பங்கு நிறுவனம், உள்ளே பழைய தனிச்சொத்து. உங்கள் பேச்சின் அச்சு இந்த நான்கு பங்குகள்தான். இங்கே சற்று நிதானமாகப் பேசுங்கள்.

1906இல் பெர்த்தா, குஸ்தாவ் ஃபோன் போலன் உண்ட் ஹால்பாக் என்ற அரசதந்திரியை மணந்தார். திருமணத்துக்கு நேரில் வந்திருந்த பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், மணமகன் தம் பெயருக்கு முன்னால் க்ருப் என்று சேர்த்துக்கொள்ள அனுமதி வழங்கினார். அந்தப் பெயர் எல்லாப் பிள்ளைகளுக்கும் போகாது. ஆலையை அடைபவருக்கு மட்டுமே போகும். அதாவது குடும்பப் பெயரும் சொத்தோடு கட்டப்பட்டது. அடுத்த திருப்பம் 1943 நவம்பரில் வந்தது. இந்த ஒரு குடும்பத்துக்காகவே ஹிட்லர் தனி ஆணை பிறப்பித்தார். அதன்படி பங்கு நிறுவனம் கலைக்கப்பட்டு, ஆலை மீண்டும் தனியொருவர் சொத்தாகி, உடன்பிறந்தவர்களுக்குப் பிரியாமல் ஆல்ஃப்ரீட் கைக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டு ஆட்சிகளிலும் வாரிசுரிமைக்காக ஆட்சித் தலைவரே நேரடியாக நுழைந்தார் என்பதைக் கூட்டத்தினர் கவனிக்கும்படி சொல்லுங்கள். பீரங்கியின் குழல் விட்டத்தைவிட இது அதிகம் பேசும்.

தொழில்நுட்பத்துக்கு மூன்று பொருள்கள் போதும். முதலாவது, 1851 லண்டன் பொருட்காட்சியில் ஆல்ஃபிரட் வைத்த, ஏறத்தாழ 2 டன் எடையுள்ள வார்ப்பு எஃகுக் கட்டி. அன்று எஃகைச் சிறு மூசைகளில், அதாவது உலோகம் உருக்கும் கலங்களில்தான், உருக்க முடியும். அவ்வளவு பெரிய கட்டிக்குப் பல பத்து மூசைகளை ஒரே சமயத்தில் உலையிலிருந்து தூக்கி, முதலில் ஊற்றியது இறுகுவதற்குள் அடுத்ததை ஊற்ற வேண்டும். ஒரு வரிசை தாமதித்தாலும் கட்டி வீண். எனவே ஆல்ஃபிரட் அங்கே காட்டியது உலோகத்தை மட்டுமல்ல, கட்டளைக்கு அசையும் ஆட்களையும்தான். இரண்டாவது, அதை அடுத்த ஆண்டுகளில் வந்த ரயில் சக்கரத்தின் பற்றவைக்காத எஃகு வளையம்: நீண்ட எஃகுத் துண்டின் நடுவே பிளவு வெட்டி, ஆப்புகளை அடித்து வளையமாக விரித்து, சூட்டோடு உருளைகளில் ஓட்டிச் சக்கர அளவுக்குக் கொண்டுவருவார்கள். பற்றவைத்த இடத்தில் விரிசல்விட்டு ரயில்கள் கவிழ்ந்த காலத்தில் இந்த வளையம் அமெரிக்க ரயில்பாதைகள்வரை விற்றது. நிறுவனத்தின் முத்திரையான மூன்று வளையங்களைப் பலர் பீரங்கி வாய்கள் என்று நினைக்கிறார்கள். அவை இந்தச் சக்கர வளையங்கள். மூன்றாவது, 1912இல் க்ருப் ஆய்வுக்கூடம் காப்புரிமை பெற்ற குரோமியம், நிக்கல் கலந்த துருப்பிடிக்காத எஃகு. சிங்கப்பூரின் தேக்கா வட்டாரக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் எவர்சில்வர் தூக்குகளும் தம்ளர்களும் அந்த உலோகக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. கூட்டத்துக்கு ஒரு தம்ளரை எடுத்துப் போங்கள். பீரங்கிப் படத்தைவிட அது அதிக நேரம் கைமாறும்.

தொழிலாளர் குடியிருப்புப் பகுதிக்கு வந்ததும், சிங்கப்பூர்க் கூட்டத்தில் யாராவது ஒருவர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகளை நினைத்துக்கொள்வது உறுதி. 1860களிலிருந்து க்ருப் கட்டிய குடியிருப்புகள், 1868இல் எடுத்து நடத்திய நுகர்வோர் கடை, நோய்க்கால நிதி, ஓய்வூதியம் எல்லாம் அந்தக் காலத்துக்கு உண்மையிலேயே முன்னோடியானவை. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். ஆனால் வீடு முதலாளியின் வீடு. வேலை போனால் வீடும் போகும். 72 பிரிவுகள் கொண்ட 1872ஆம் ஆண்டின் பொது விதிமுறைகளையும், அரசியலில் மூக்கை நுழைக்காமல் வேலை முடிந்ததும் குடும்பத்தைக் கவனியுங்கள் என்ற பொருளில் 1877இல் ஆல்ஃபிரட் தம் ஆட்களுக்கு எழுதியதையும் இதே பகுதியில் சேர்த்துச் சொல்லுங்கள். நலத்திட்டத்தைத் தனியாகவும் கட்டுப்பாட்டைத் தனியாகவும் சொன்னால், அவை இரு வேறு மனிதர்களின் வேலைபோலத் தோன்றிவிடும்.

வாடிக்கையாளர் கதையில் ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ஜியத்தின் லியேஜ் நகரைச் சுற்றியிருந்த கோட்டைகளில் க்ருப் செய்த பீரங்கிகளும் இருந்தன. 1914 ஆகஸ்டில் அந்தக் கோட்டைகளை உடைத்தது அதே க்ருப் செய்த 42 செண்டிமீட்டர் முற்றுகைப் பீரங்கி. ஆகஸ்ட் 15 அன்று லோன்சின் கோட்டை ஒரு குண்டில் வெடித்துச் சிதறியது. எதிர்ப்பக்கத்திலும் இதே நிலைதான்: பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் போருக்கு முன் க்ருப் உரிமம் பெற்று வெடிகுண்டுத் திரிகள் செய்தது, அந்த உரிமத் தொகை பற்றிய வழக்கு போர் முடிந்த பிறகு 1920களில்தான் தீர்ந்தது. ஆயுத வணிகத்தைப் பற்றிப் பொதுவாக நீட்டி முழக்குவதைவிட இந்த இரண்டு விவரங்களும் வலுவானவை.

உள்ளூர்த் தொடர்பு இல்லாமல் இங்கே கூட்டம் ஒட்டாது. அதற்கு முதல் உலகப் போரின் ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டனே சரியான வாயில். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அந்தக் கப்பலின் 10.5 செண்டிமீட்டர் பீரங்கிகள் க்ருப் செய்தவை. அக்டோபர் 28 அன்று பினாங்குத் துறைமுகத்தில் ரஷ்யாவின் ஷெம்ச்சுக் கப்பலை அது மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கோக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் தோற்றது. சிட்னியின் 6 அங்குலப் பீரங்கிகள் எம்டனுடையவற்றைவிடப் பெரியவை. எம்டனோடு சேர்ந்து இயங்கிய கப்பல்களில் பிடிபட்ட ஜெர்மானியர் சிலர் சிங்கப்பூரின் தங்ளின் முகாமில் அடைக்கப்பட்டிருந்தபோதுதான், 1915 பிப்ரவரி 15 அன்று இங்கே இந்தியச் சிப்பாய்களின் கிளர்ச்சி வெடித்தது; கிளர்ச்சிக்காரர்கள் முகாமின் கதவைத் திறந்துவிட, லாட்டர்பாக் என்ற எம்டன் அதிகாரி உள்ளிட்ட சிலர் தப்பிப் போனார்கள். எசன், சென்னை, பினாங்கு, தங்ளின் ஆகிய நான்கையும் ஒரே வரைபடத்தில் காட்டினால் போதும், முன்வரிசையில் இருப்பவர்கள் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

இன்னொரு தொடர்பும் உண்டு. அதில் எச்சரிக்கை தேவை. சிங்கப்பூர்க் கடற்படையின் இன்வின்சிபிள் வகை நீர்மூழ்கிக் கப்பல்கள் நான்கும் கீல் நகரில், க்ருப் பின்னாளில் தைசெனோடு இணைந்து உருவான தைசென்க்ருப் குழுமத்தின் கடற்படைக் கப்பல் பிரிவு கட்டியவை; முதல் இரண்டும் 2024 செப்டம்பரில் சாங்கி கடற்படைத் தளத்தில் சேவையில் சேர்க்கப்பட்டன. ஜெர்மானியக் கடற்படையின் முதல் நீர்மூழ்கியும் 1906இல் அதே கீல் நகரில், க்ருப்பின் கெர்மானியா தளத்தில்தான் உருவானது. இரண்டையும் ஒரே கோட்டில் இணைத்துவிட மனம் துடிக்கும். ஆனால் கெர்மானியா தளம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலைக்கப்பட்டது. இன்றைய தளம் வேறொரு நிறுவனத்தின் வழியாகத் தைசென்க்ருப்பிடம் வந்தது. பெயர் ஒன்று என்பதற்காக வம்சாவளியை நீட்டக் கூடாது. அதேபோல, சிலோசோ கோட்டைக்கும் சாங்கியின் ஜோகூர் பேட்டரிக்கும் குழுவை அழைத்துப் போய் ‘இதுதான் க்ருப் பீரங்கி’ என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே கடற்கரையைக் காத்தவை பிரிட்டிஷ் பீரங்கிகள். உண்மையான க்ருப் கடற்கரைப் பீரங்கியைப் பார்க்க விரும்புவோர் சீனாவின் சியாமென் நகருக்குப் போகும்போது ஹூலிஷான் கோட்டைக்குப் போகலாம். 28 செண்டிமீட்டர் பீரங்கி ஒன்று அங்கே இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது.

அரை மணி நேரத்தில் குறைந்தது எட்டு நிமிடங்களைக் கட்டாய உழைப்புக்கு ஒதுக்குங்கள். இதைக் கடைசி இரண்டு நிமிடங்களில் அவசரமாகச் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. இரண்டாம் உலகப் போரில் க்ருப் ஆலைகளில் ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளின் மக்கள், போர்க் கைதிகள், வதைமுகாம் கைதிகள் எனப் பல்லாயிரக்கணக்கானோர் வேலை வாங்கப்பட்டார்கள். பிரெஸ்லாவ் அருகே மார்க்ஸ்டாட்டில் நிறுவனம் கட்டிய ஆலைக்குப் பெர்த்தாவின் பெயரையே வைத்தார்கள். அங்கும் வதைமுகாம் கைதிகள் உழைத்தார்கள். எசனிலேயே, ஹும்போல்ட் தெரு முகாமில், பெரும்பாலும் ஹங்கேரியைச் சேர்ந்த 520 யூதப் பெண்கள் இருந்தார்கள். எண்ணிக்கைகளை அடுக்குவதைவிட இந்த ஒரு முகாமை எடுத்து, அங்கிருந்து ஆலைக்கு நடந்து போனவர்கள் யார், எந்த வயதினர் என்று வழக்குச் சாட்சியங்களிலிருந்து சொல்லுங்கள்.

வழக்கைச் சொல்லும்போது குழப்பம் வரும் இடம் ஒன்று உண்டு. 1945இல் தொடங்கிய பன்னாட்டு நீதிமன்ற விசாரணையில் பெயர் சேர்க்கப்பட்டவர் குஸ்தாவ். உடல்நிலை காரணமாக அவர் விசாரிக்கப்படவில்லை. ஆல்ஃப்ரீட்டும் பதினோரு நிர்வாகிகளும் நின்றது, 1947 டிசம்பரில் அமெரிக்க இராணுவ நீதிமன்றம் தொடங்கிய தனி வழக்கில். 1948 ஜூலை 31 அன்று பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஆக்கிரமிப்புப் போர் நடத்தியதான குற்றச்சாட்டு முன்னரே தள்ளுபடியாகிவிட்டது; நிலைத்தவை சூறையாடலும் கட்டாய உழைப்பும். ஆல்ஃப்ரீட்டுக்குப் 12 ஆண்டுச் சிறையும், சொத்து முழுவதும் பறிமுதல் என்ற தண்டனையும் கிடைத்தன. 1951இல் அமெரிக்க உயர் ஆணையர் ஜான் மெக்லாய் அவரை விடுவித்ததோடு, சொத்தையும் திருப்பித் தந்தார். நீங்கள் முதலிலிருந்து சொத்தின் பாதையைத் தொடர்ந்திருந்தால், விடுதலையைவிடச் சொத்து திரும்பியதே பெரிய செய்தி என்பது கேட்பவருக்குத் தானாகப் புரியும்.

இந்தப் பகுதி முடிந்ததும் இழப்பீடு பற்றிய கேள்வி வரும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரால் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் நம் கூட்டங்களில் இருக்கக்கூடும். அவர்கள் இதை ஜெர்மானியக் கதையாக மட்டும் கேட்கமாட்டார்கள். விடையைத் தயாராக வைத்திருங்கள்: 1959இல் க்ருப் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது, யூத வதைமுகாம் கைதிகளாக இருந்தவர்களுக்கு ஆளுக்கு 5,000 மார்க் வரை, மொத்தம் ஒரு கோடி மார்க்குக்கு மிகாமல் தருவதாக ஒப்புக்கொண்டது. கட்டாயப்படுத்தி வேலை வாங்கப்பட்ட மற்றவர்கள் அதில் சேரவில்லை. அந்த நாளில் நிறுவனத்தை நடத்திய பெர்த்தோல்ட் பைட்ஸ், போர்க்காலத்தில் போரிஸ்லாவ் என்ற ஊரில் யூதர்கள் பலரைக் காப்பாற்றியவர் என்பதையும் சொல்லுங்கள். ஆனால் அந்தச் செயலை நிறுவனத்தின் கணக்கில் வரவு வைக்காதீர்கள்.

தேடுவதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் தொகுப்பு இணையத்தில் இலவசம். அதில் க்ருப் என்ற பெயரை ஆங்கில எழுத்துகளில் இட்டு, காலத்தை முதலில் 1914, பிறகு 1948, பிறகு 1951 என்று சுருக்கித் தேடுங்கள். காலத்தைச் சுருக்காமல் தேடினால் விளம்பரங்களிலும் கப்பல் செய்திகளிலும் மூழ்கிவிடுவீர்கள். தமிழ் முரசின் பழைய இதழ்களும் அத்தொகுப்பில் உண்டு. ஆனால் பழைய தமிழ் அச்சைக் கணினி சரியாக வாசிப்பதில்லை என்பதால், தேதியை வைத்துப் பக்கத்தைத் திறந்து கண்ணால் பார்ப்பதே நம்பகமானது. சில பக்கங்களை நூலகக் கணினியில்தான் திறக்க முடியும். அப்படி வந்தால் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள லீ கொங் சியன் மேற்கோள் நூலகத்துக்குப் போய்விடுங்கள். நியூரம்பர்க் வழக்கு ஆவணங்களின் ஒன்பதாம் தொகுதி முழுவதும் இந்த வழக்குதான். அதுவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நிறுவனமோ குடும்பமோ விழாக்களுக்காக வெளியிட்ட மலர்களைப் படங்களுக்கும் தேதிகளுக்கும் மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி நேரத்துக்கு இரண்டு விடைகளை மனப்பாடமாக வைத்திருங்கள். 1918இல் பாரிஸ் நகர்மீது 120 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சுட்ட பீரங்கி ‘பெரிய பெர்த்தா’ அல்ல. அது மெல்லிய நீண்ட குழல் கொண்ட வேறு பீரங்கி, பெர்த்தாவின் பெயர் பெற்றது லியேஜில் பேசிய 42 செண்டிமீட்டர்ப் பீரங்கி. இரண்டும் க்ருப் செய்தவை என்பதால் குழப்பம் நீடிக்கிறது. இரண்டாவது, இன்றைக்கு ஆலை குடும்பத்திடம் இருக்கிறதா என்ற கேள்வி. இல்லை. 1966இல் ஆர்ன்ட் தம் வாரிசுரிமையைத் துறந்து ஆண்டுத் தொகைக்கு ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு ஆல்ஃப்ரீட் இறந்ததும் சொத்து முழுதும் அவர் பெயரிலான அறக்கட்டளைக்குப் போனது. 1999இல் நிறுவனம் தைசெனோடு இணைந்தது. இன்று அந்த அறக்கட்டளை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை வைத்திருக்கிறது. உரிமையைத் துறந்த ஆர்ன்ட், உயிரோடு இருந்தவரை போலன் உண்ட் ஹால்பாக் என்றே கையெழுத்திட வேண்டியிருந்தது. க்ருப் என்ற பெயர் அவருக்குக் கிடைக்கவில்லை.